நார்வே நாட்குறிப்பு: அருவிக்கும் மீனுக்கும் சட்டம் எழுதிய நாடு

ஜூன் 8, ஆஸ்லோ

தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு ஆஸ்லோவின் ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. 1620ஆம் ஆண்டு தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு கடலோரத்தில் டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பியவர்கள் டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியன் அரசருடைய ஆட்கள். அன்று நார்வேக்கும் அவரே அரசர். 1624இல் மரவீடுகளால் ஆன பழைய ஆஸ்லோ தீக்கிரையானபோது, அதே இடத்தில் மீண்டும் குடியேறக் கூடாது என்று தடுத்து, இந்தக் கோட்டையின் அடிவாரத்தில் புது நகரை அமைத்து, அதற்குக் கிறிஸ்டியானியா என்று தம் பெயரையே சூட்டினார். அந்தப் பெயர் நீங்கி ஆஸ்லோ என்ற பழம்பெயர் திரும்பியது 1925இல்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியின் ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர் நார்வேயில் பிறந்தவர். தென்னிந்தியக் கோயில்களை அவர் வரைந்த ஓவியங்கள் இந்த நகரத்துப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.

பிறரால் ஆளப்பட்ட நாடு என்பதை முதலில் மனத்தில் கொண்டால்தான் நார்வேயைப் புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன். நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் டென்மார்க்கோடு இணைந்திருந்த இந்நாடு, 1814இல் நெப்போலியப் போர்களின் முடிவில் சுவீடனுக்குக் கைமாற்றப்பட்டது. அந்தக் கைமாற்றம் நடைமுறைக்கு வருவதற்குள் கிடைத்த குறுகிய இடைவெளியில் ஐட்ஸ்வோல் என்ற ஊரில் கூடிய பிரதிநிதிகள் மே 17ஆம் நாள் ஓர் அரசியலமைப்பை எழுதி முடித்தார்கள். சுவீடனோடு இணைய நேர்ந்தபோதும் அந்த அரசியலமைப்பை அவர்கள் கைவிடவில்லை. 1905இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் அந்த இணைப்பை முறிப்பதற்கு ஆதரவாக 3,68,208 வாக்குகளும் எதிராக வெறும் 184 வாக்குகளும் விழுந்தன. மே 17 இன்று தேசிய நாள். அன்று அரண்மனைக்கு முன்னால் அணிவகுத்துச் செல்பவர்கள் படைவீரர்கள் அல்லர், பள்ளிக் குழந்தைகள்.

மாலையில் 2008இல் திறக்கப்பட்ட இசை நாடக அரங்கின் கூரைமேல் ஏறி நின்றேன். வெள்ளைப் பளிங்கில் அமைந்த அந்தக் கூரை கடல்நீரிலிருந்து சரிவாக மேலேறுகிறது; யார் வேண்டுமானாலும் எந்நேரமும் கட்டணமின்றி நடந்து ஏறலாம். இரவு பத்தரை மணி வரை வெயில் இருந்தது.

ஜூன் 9, ஆஸ்லோ

காலையில் விகலாண்ட் பூங்காவுக்குச் சென்றேன். குஸ்தாவ் விகலாண்ட் என்ற சிற்பி வடித்த இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் அங்கே உள்ளன. 1921இல் ஆஸ்லோ மாநகராட்சி அவருக்குப் பணியிடமும் வாழ்வதற்கான வசதியும் கொடுத்தது. அதற்கு ஈடாக அவருடைய படைப்புகள் அனைத்தும் நகருக்குச் சொந்தமாகும் என்று ஒப்பந்தம் ஆனது. அங்கே அரசர்களோ தளபதிகளோ இல்லை. தாய், தந்தை, குழந்தை, முதியவர் என்று மனித வாழ்வின் பருவங்கள் மட்டுமே கருங்கல்லிலும் வெண்கலத்திலும் நிற்கின்றன. குழந்தைகளைத் தூக்கி விளையாடும் தந்தையின் சிலை ஒன்று இருக்கிறது. அதைக் கடந்து குழந்தை வண்டிகளைத் தள்ளிச் சென்றவர்களில் ஆண்களே மிகுதி. மகப்பேற்று விடுப்பில் ஒரு பகுதியைத் தந்தைக்கென்றே ஒதுக்கும் முறையை நார்வே 1993இல் கொண்டுவந்தது. நான்கு வாரங்களாகத் தொடங்கிய அந்த ஒதுக்கீடு இன்று பதினைந்து வாரம். தந்தை எடுத்துக்கொள்ளாவிட்டால் அது பொதுவாகத் தாய்க்கும் கிடைக்காது என்பதுதான் அந்தச் சட்டத்தின் வலிமை. பெண்கள் அனைவருக்கும் 1913இலேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. 1986இல் பிரதமர் க்ரோ ஹார்லெம் புரூண்ட்லாண்ட் அமைத்த அமைச்சரவையின் பதினெட்டுப் பேரில் எட்டுப் பேர் பெண்கள்.

இன்னொரு வழக்கம் எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. ஒவ்வொருவருடைய ஆண்டு வருமானமும் செலுத்திய வரியும் அரசின் இணையதளத்தில் பொதுத்தகவலாகவே கிடைக்கின்றன. 2014 முதல், ஒருவரின் வருமானத்தை யார் தேடிப் பார்த்தார் என்பது அவருக்கும் தெரியும். அதனால் வீண் ஆர்வம் குறைந்தது. வெளிப்படைத்தன்மை அப்படியே இருக்கிறது.

பிற்பகலில் நகரின் வடகிழக்கே உள்ள குரூருட் பள்ளத்தாக்குக்குச் சென்றேன். ஆஸ்லோவின் ஈழத்தமிழர்களில் பலர் இங்கேதான் வாழ்கிறார்கள். அம்மெருட் பகுதியில் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. நார்வேக்கு முதலில் வந்த தமிழர்களுள் ஒருவரான அந்தோனி ராஜேந்திரம் 1956இல் இங்கு வந்தார். பின்னர் நார்வே மக்களின் உதவியோடு யாழ்ப்பாணத்து மீனவர்களுக்காகச் சீநோர் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1983க்குப் பின் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தனர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்த கம்சாயினி குணரத்தினம், 2011 ஜூலை 22ஆம் நாள் ஊத்தோயா தீவின் இளைஞர் முகாமில் தீவிர வலதுசாரி ஒருவன் நடத்திய படுகொலையிலிருந்து நீந்தித் தப்பியவர். அன்று ஆஸ்லோவிலும் அந்தத் தீவிலுமாக 77 பேர் கொல்லப்பட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அவர் ஆஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

ஜூன் 10, ஆஸ்லோவிலிருந்து ஃப்ளாம்

நார்வேயின் நிலத்தை அறிய விரும்புவோர் விமானத்தை விட்டுப் பெர்கன் ரயிலில் ஏற வேண்டும். 1909இல் திறக்கப்பட்ட இந்தப் பாதை ஆஸ்லோவின் பசுமையான வயல்வெளியில் தொடங்கி, ஊசியிலைக் காடுகளைக் கடந்து, மரமே முளைக்காத ஹார்டாங்கர் பீடபூமியின் ஓரமாக ஏறுகிறது. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் மூன்று பங்கு மட்டுமே உழவுக்கு ஏற்றது என்று எங்கோ படித்தபோது அது வெறும் புள்ளிவிவரமாக இருந்தது. ஏறிய சில மணி நேரத்துக்குள் வயல்கள் முடிந்துபோய், அதன் பிறகு பாறையும் ஏரியும் பனியுமே தொடர்ந்ததைக் கண்ணால் கண்டபோதுதான் அதன் பொருள் விளங்கியது. 1,222 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபின்சே நிலையத்தில், ஜூன் மாதத்திலும், தண்டவாளத்தின் இருபுறமும் பனி கிடந்தது. இந்த நிலையத்துக்குச் சாலையே கிடையாது. தென்துருவப் பயணத்துக்கு முன் ராபர்ட் ஸ்காட் தம் இயந்திரச் சறுக்குவண்டிகளை இங்கே கொண்டுவந்து சோதித்துப் பார்த்திருக்கிறார்.

ஃபின்சேயில் இறங்கிய ஓர் இளம் குடும்பம் முதுகுப்பைகளோடு மலைக்குள் நடந்து போனது. 1868இல் தொடங்கப்பட்ட மலைநடைச் சங்கம் ஒன்று நாடு முழுவதும் நடைபாதைகளைக் குறித்து, தங்குகுடில்களைப் பேணி வருகிறது. பல குடில்களில் காவலர் இல்லை. உறுப்பினர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரே சாவியால் திறந்து, அலமாரியில் உள்ள உணவை எடுத்துச் சமைத்து, எடுத்ததற்கு உரிய தொகையைத் தாங்களே கணக்கிட்டுச் செலுத்திவிட்டு, அடுத்து வருபவருக்காக விறகும் வெட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். பல தலைமுறைகளாக இந்த முறை உடையாமல் நடந்து வருகிறது.

மிர்டால் நிலையத்தில் இறங்கி ஃப்ளாம் கிளைப் பாதையில் மாறினேன். இருபது கிலோமீட்டர் தூரத்தில் 866 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டம் வரை இறங்கும் பாதை இது. இருபது சுரங்கங்களில் பதினெட்டு, இயந்திரங்களின் துணையின்றித் தொழிலாளர்களின் கையால் குடையப்பட்டவை.

ஜூன் 11, சோக்னே ஃபியோர்டு

ஃபியோர்டு என்றால் கடல் உள்நாட்டுக்குள் நீண்டு புகுந்த இடம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது உருவான விதத்தை அறிந்தால் இந்நாட்டின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும். ஆறுகள் முன்பே அரித்து வைத்திருந்த பள்ளத்தாக்குகளில், மீண்டும் மீண்டும் வந்த பனியுகங்களில், ஆயிரம் மீட்டருக்கும் மேல் தடித்த பனியாறுகள் மெல்ல நகர்ந்து அடிப்பாறையைச் சுரண்டிக்கொண்டே சென்றன. உள்நாட்டில் பனி தடிமனாக இருந்ததால் அங்கே பள்ளம் ஆழமானது. கடலை அடையும் இடத்தில் பனி பரந்து மெலிந்ததால் அங்கே பாறை அரிபடாமல் ஒரு வாசற்படி போல நின்றுவிட்டது. இதனால்தான் 205 கிலோமீட்டர் நீளமுள்ள சோக்னே ஃபியோர்டின் உட்பகுதி 1,300 மீட்டர் ஆழம் இருக்கையில், அதன் வாயில் ஆழம் அதில் சிறு பங்கே. முதன்மைப் பள்ளத்தாக்கு ஆழமாக வெட்டப்பட, கிளைப் பள்ளத்தாக்குகள் உயரத்திலேயே தொங்கி நின்றன. அவற்றில் ஓடும் ஆறுகள் எல்லாம் ஃபியோர்டின் விளிம்பில் அருவிகளாகக் கொட்டுகின்றன.

இன்று படகில் சென்ற நேரோய் ஃபியோர்டு, சோக்னேயின் கிளைகளில் ஒன்று. யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் 2005இல் சேர்ந்தது. குறுகிய இடத்தில் அதன் அகலம் 250 மீட்டர்தான். இருபுறமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும் பாறைச் சுவர்களில் எத்தனை அருவிகள் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, எண்ணிக்கையை விட்டுவிட்டு அவற்றின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த அருவிகளைப் பற்றித்தான் நான் இன்று முக்கியமாக எழுத நினைத்தேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்மின்சாரத்தின் மதிப்பு தெரிய வந்ததும், அயல்நாட்டு நிறுவனங்கள் உழவர்களிடமிருந்து அருவிகளை விலைக்கு வாங்கத் தொடங்கின. அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த ஏழை நாடு, அந்நிய முதலீடு இல்லாமல் பெரிய ஆலைகளைக் கட்டுவது கடினமான நிலை. இருந்தும் 1906இல் அவசரச் சட்டம் ஒன்று வந்து, அரசின் அனுமதியின்றி அயலார் அருவி வாங்குவதைத் தடுத்தது. 1909இல் யோஹான் காஸ்ட்பர்க் நீதி அமைச்சராக இருந்தபோது நிலையான சட்டம் நிறைவேறியது. தனியாருக்கு உரிமம் தரலாம். ஆனால் அறுபது முதல் எண்பது ஆண்டுகளுக்குள் அருவியும் அணையும் மின்நிலையமும் எந்த இழப்பீடும் இல்லாமல் அரசுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. இதே காஸ்ட்பர்க்தான், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகளுக்குத் தந்தையின் பெயரிலும் சொத்திலும் உரிமை உண்டு என்ற 1915ஆம் ஆண்டுச் சட்டங்களுக்கும் காரணமானவர். இன்று நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர்மின்சாரம், அதன் பெரும்பகுதி மாநகராட்சிகள், மாவட்டங்கள், அரசு ஆகியவற்றின் உடைமை.

செல்வம் சேர்ந்த பிறகு பங்கிட்டுக் கொடுத்த நாடு என்றுதான் பலரும் நார்வேயை எண்ணுகிறார்கள். ஆனால் இயற்கை வளம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஏழையாக இருந்தபோதே விடை எழுதி வைத்துக்கொண்ட நாடு இது. படகுத்துறைக்கு மேலே உள்ள புல்வெளியில் சிலர் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தார்கள். 1957ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டப்படி, பயிரிடப்படாத நிலம் யாருடையதாக இருந்தாலும் அதில் எவரும் நடக்கலாம். வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி இரண்டு இரவுகள் வரை அனுமதி கேட்காமல் தங்கலாம்.

ஜூன் 12, பெர்கன்

மழை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பொழியும் ஊரில் அது செய்தி அன்று. மேற்குக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைகளில் முட்டி உயர்ந்து குளிர்ந்து இங்கேயே கொட்டிவிடுகிறது. நேற்று கண்ட அருவிகளுக்கும் இதுவே ஊற்று.

துறைமுகத்தை ஒட்டி நிற்கும் பிரிக்கன் மரவீட்டு வரிசை, ஹன்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்களின் குடியிருப்பாக இருந்தது. பதினான்காம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1754 வரை, வடக்கிலிருந்து வந்த உலர்மீனையும் தெற்கிலிருந்து வந்த தானியத்தையும் அவர்களே கையில் வைத்திருந்தார்கள். மீனவர் மீனைக் கொடுத்துத் தானியத்தைக் கடனாகப் பெற்று, அடுத்த ஆண்டு அந்தக் கடனுக்காகவே மீன்பிடித்தார். 1702இன் தீயில் எரிந்து பழைய வடிவிலேயே மீண்டும் எழுந்த இந்தக் குறுகிய மரச் சந்துகளில் நடப்பவர்கள் அழகை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. நாட்டின் வளத்தைப் பிறர் விற்றுப் பொருளீட்டியதன் நினைவு, பின்னால் வந்த சட்டங்களுக்குள் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

வடகடலில் எண்ணெய் கிடைத்தபோது அந்த நினைவு வேலை செய்தது. 1969இன் இறுதியில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டறியப்படுவதற்கு ஓராண்டு முன்பு, பஸ்ராவிலிருந்து ஃபாரூக் அல்காசிம் என்ற ஈராக்கிய நிலவியலாளர் நார்வேக்கு வந்திருந்தார். மனைவி நார்வேயைச் சேர்ந்தவர். மகனின் மருத்துவத்துக்காக வந்த குடும்பம். எண்ணெய்த் துறை அனுபவம் உள்ளவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க நிலையில் இருந்த அரசு அவரைப் பணியில் அமர்த்திக்கொண்டது. அயல் நிறுவனங்களின் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திக்கொண்டே கட்டுப்பாட்டை நாட்டின் கையில் வைத்திருக்கும் கொள்கையை வகுத்தவர்களில் அவர் முதன்மையானவர். 1972இல் அரசு எண்ணெய் நிறுவனமும் கண்காணிப்பு ஆணையமும் தனித்தனியாக நிறுவப்பட்டன. எண்ணெய் இலாபத்தின் மீதான வரி 78 விழுக்காடு. 1990இல் நிதியச் சட்டம் இயற்றப்பட்டு, 1996இல் முதல் தொகை போடப்பட்ட, எண்ணெய் வருவாயைச் சேமித்து முதலீடு செய்யும் அரசின் எண்ணெய் நிதியம் இன்று ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. அதன் எதிர்பார்க்கப்படும் ஆண்டு வருவாயான மூன்று விழுக்காட்டை மட்டுமே அரசு செலவுக்கு எடுக்கலாம் என்பது விதி.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. 2024இல் நார்வேயில் விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார்கள்; அதே ஆண்டில் பிற நாடுகள் எரிப்பதற்கான எண்ணெயும் எரிவாயுவும் இங்கிருந்தே கப்பலிலும் குழாயிலும் போயின. இங்கே பலர் இதை மனம் வருந்தியே பேசுகிறார்கள், ஆனால் நிதியத்தை விட்டுக்கொடுக்கச் சொல்பவர்கள் குறைவு.

ஜூன் 13, கடலோரக் கப்பல்

ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் 1893இல் தொடங்கிய கடலோரக் கப்பல் சேவை பெர்கனுக்கும் ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்க்கனேசுக்கும் இடையே 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்கிறது. அதற்கு முன் குளிர்காலத்தில் வடக்கே ஒரு கடிதம் போய்ச் சேர மாதங்கள் ஆகும். இரவில் எந்த மாலுமியும் செல்லத் துணியாத பாறைகள் நிறைந்த நீர்வழியில், திசைகாட்டியையும் கடிகாரத்தையும் கொண்டு குறிப்பெடுத்து அவர் வழியமைத்தார். தீவுகளையும் ஃபியோர்டுகளையும் சேர்த்து அளந்தால் நார்வேயின் கடற்கரை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். இந்தக் கரையில் துறைமுகங்கள் உறையாமல் இருப்பது, தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவரும் வட அட்லாண்டிக் நீரோட்டத்தின் கொடை. நாட்டின் 55 லட்சம் மக்களில் பெரும்பாலோர் கடலோரத்திலேயே வாழ்வதற்கும் அதுவே காரணம்.

நீரில் வட்ட வட்டமாக மிதக்கும் சால்மன் மீன் வளர்ப்புக் கூண்டுகளை வழியெங்கும் கண்டேன். 1970இல் ஹித்ரா தீவில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய இந்தத் தொழில், உலகில் வளர்க்கப்படும் அட்லாண்டிக் சால்மனில் பாதிக்கு மேல் இந்த ஒரு நாடே தரும் அளவுக்குப் பெருகிவிட்டது. ஃபியோர்டின் நீர் எல்லாருக்கும் உரியது, அதைப் பயன்படுத்தி ஈட்டும் மிகை இலாபத்தில் மக்களுக்கும் பங்கு வேண்டும் என்று 2023 முதல் 25 விழுக்காடு தனி வரி விதிக்கப்படுகிறது.

ஜூன் 14, ட்ரொண்டெய்மிலிருந்து பூதோ

ட்ரொண்டெய்மில் கிடைத்த நேரத்தில் நிதாரோஸ் பேராலயத்தை மட்டுமே பார்க்க முடிந்தது. 1030இல் ஸ்திக்லஸ்தா போரில் மடிந்து பின்னர் புனிதராகப் போற்றப்பட்ட ஒலாவ் அரசரின் கல்லறை மீது எழுந்த கோயில் அது.

வடக்கு நோக்கிச் செல்லும் ரயில் 729 கிலோமீட்டர் தூரத்தைப் பத்து மணி நேரத்தில் கடக்கிறது. பெட்டியில் பேசிக்கொண்டிருந்தவர்களின் பேச்சு ஊருக்கு ஊர் மாறுவதை, மொழி அறியாத என் காதும் உணர்ந்தது. நார்வேயில் அனைவரும் பேச வேண்டிய ஒரே தரப்பேச்சு என்று ஒன்று விதிக்கப்படவில்லை. நாடாளுமன்றத்திலும் வானொலியிலும் அவரவர் வட்டார வழக்கிலேயே பேசுகிறார்கள். எழுத்து மொழியோ இரண்டு. டேனிய மரபிலிருந்து வளர்ந்த பூக்மோல் ஒன்று. உழவர் குடும்பத்தில் பிறந்த ஈவார் ஓசன் 1840களில் ஊர் ஊராகச் சென்று மக்கள் வழக்குகளைத் தொகுத்து உருவாக்கிய வடிவத்திலிருந்து வந்த நீநோர்ஷ்க் மற்றொன்று. பள்ளி மாணவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் நீநோர்ஷ்க்கை முதன்மையாகப் படிக்கிறார்கள்.

சால்ட்ஃபியெல் மலைவெளியில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்தோம். இந்தப் பகுதியின் தண்டவாளத்தை இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் சோவியத், யூகோஸ்லாவியப் போர்க்கைதிகளைக் கொண்டு போடவைத்தார்கள். பசியிலும் குளிரிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பூதோவில் இறங்கியபோது நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது, சூரியன் மறையவில்லை.

ஜூன் 16, லோஃபோட்டன்

கடலிலிருந்து நேராக எழும் கூர்மலைகளின் வரிசை லோஃபோட்டன். மலையடியில் ஒட்டிய சிறு நிலத்துண்டுகளில் சிவப்பு மரக்குடில்கள். பேரன்ட்ஸ் கடலில் வாழும் காட் மீன்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இங்கு முட்டையிட வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளாக இந்தத் தீவுகளின் வாழ்வு அந்த வருகையைச் சார்ந்தே நடக்கிறது.

பிடித்த மீனின் தலையையும் குடலையும் நீக்கி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். நம் கருவாட்டைப் போலத்தான் தோன்றுகிறது. ஆனால் இதில் உப்பு ஒரு துளியும் சேர்வதில்லை. பிப்ரவரி முதல் மே வரை இங்கு வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருக்கும். அதற்கு மேல் போனால் ஈ மொய்க்கும், அதிகம் கீழே போனால் மீனின் சதை உறைந்து சிதையும். நீரோட்டத்தின் வெதுவெதுப்பும் வடதுருவக் குளிரும் சரியாகச் சமன்படும் இந்த இடத்தில் இது பெரிய அளவில் இயலுகிறது. காய்ந்த மீன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும், ஆண்டுக்கணக்கில் கெடாது. நான் சென்றபோது மீனை இறக்கித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிறந்தவை இத்தாலிக்கும் தலைகள் நைஜீரியாவுக்கும் போகின்றன. இத்தாலியத் தொடர்பு 1432இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். கப்பல் உடைந்து ரோஸ்ட் தீவில் கரையேறிய வெனிஸ் வணிகர் பியெட்ரோ குவெரினியும் தோழர்களும் மீனவக் குடும்பங்களின் பராமரிப்பில் உயிர் பிழைத்து, ஊர் திரும்பும்போது இந்த மீனையும் எடுத்துச் சென்றார்கள்.

மீன்பிடிக் காலத்தில் மீனவர்கள் தங்கிய அந்தச் சிவப்புக் குடில்கள் இன்று பெரும்பாலும் விடுதிகளாகிவிட்டன. அவற்றின் பழைய கதை கசப்பானது. நிலமும் குடிலும் கடையும் படகுத்துறையும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். மீனின் விலையையும் அவரே சொல்வார். 1938இல் வந்த மீன் விற்பனைச் சட்டம் அதை மாற்றியது. கரைக்கு வரும் மீனின் முதல் விற்பனை மீனவர்களுக்கே சொந்தமான விற்பனைச் சங்கங்களின் வழியாக மட்டுமே நடக்க வேண்டும் என்றும், குறைந்த அளவு விலையை அந்தச் சங்கங்களே அறிவிக்கலாம் என்றும் அது விதித்தது. இன்றும் அதுவே நடைமுறை. அதோடு, மீன்பிடிப் படகின் பெரும்பான்மை உரிமை, தாமே கடலுக்குப் போய்த் தொழில் செய்பவரிடம்தான் இருக்க வேண்டும் என்பது பொது விதி. லோஃபோட்டன் கடற்பகுதியில் எண்ணெய் எடுக்கக் கூடாது என்ற மீனவர்களின் கோரிக்கையும் ஆட்சிகள் மாறியும் இதுவரை மதிக்கப்பட்டு வருகிறது.

ஜூன் 18, ஹாமர்ஃபெஸ்ட்

இந்த ஊரில் போருக்கு முந்தைய கட்டடம் என்று கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம் ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை, நாட்டின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கின் பெரும்பகுதியை எரித்து, ஏறத்தாழ 50,000 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றியது. குகைகளிலும் புல்வீடுகளிலும் ஒளிந்து குளிர்காலத்தைக் கழித்தவர்களும் பல்லாயிரம் பேர்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, ஆளில்லாமல் தவித்த ஃபின்மார்க் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்கு வந்தவர்கள் ஈழத்தமிழர்கள். பெரும்பாலோர் பின்னர் ஆஸ்லோவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். துறைமுகக் கடைவீதியில் நான் தமிழில் தொலைபேசியில் பேசியதைக் கேட்டு நின்ற ஒரு முதியவர், அப்படி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். "தம்பி, நான் வரேக்கை ரெண்டு மாசமாச் சூரியனைக் காணேல்லை. மீன் வெட்டி வெட்டிக் கையெல்லாம் விறைச்சுப் போகும். ஆனா சம்பளத்திலை அவையளுக்கு ஒண்டு எங்களுக்கு ஒண்டு எண்டு இருக்கேல்லை" என்றார். "பிறகு ஏன் ஐயா எல்லாரும் ஆஸ்லோவுக்குப் போனார்கள்?" என்று கேட்டேன். "பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்கோணும், கோயில் வேணும். பத்துக் குடும்பத்தோடை அதுகள் நடக்குமே?" என்றார். இலங்கையில் 2002இல் போர்நிறுத்தத்துக்கு நார்வே நடுவராக நின்றதைப் பற்றிக் கேட்டபோது அவர் கடலைப் பார்த்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஜூன் 20, அல்தா, கராஷோக்

சாமி என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் நிற்கும்போது, இதுவரை நான் வியந்து எழுதியவற்றை வேறு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. நார்வே, சுவீடன், ஃபின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் ஆகியவற்றில் பரவி வாழும் இந்தப் பழங்குடிகளில் மிகுதியானோர் நார்வேயில் வாழ்கிறார்கள். கலைமான் மேய்ப்பு அவர்களில் ஒரு பகுதியினரின் தொழில். பலர் கடலோர மீனவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறாண்டுக்கு மேல் அவர்களை நார்வேயராக்கும் கொள்கை நடந்தது. விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி ஒடுக்கப்பட்டது. யோய்க் என்னும் அவர்களுடைய பாடல்மரபு பாவமெனப்பட்டது. நார்வே மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்களுக்கு மட்டுமே ஃபின்மார்க்கில் அரசு நிலம் விற்கப்படும் என்று 1902ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அருவிகளைக் காக்கச் சட்டம் எழுதிய அதே தலைமுறைதான் இதையும் எழுதியது.

பொதுவுடைமையான நீர்மின்சாரமே இங்கு மோதலுக்குக் காரணமாயிற்று. அல்தா ஆற்றில் அணை கட்டும் முதல் திட்டம் மாசே என்ற சாமி ஊரை மூழ்கடித்திருக்கும். அது கைவிடப்பட்டாலும் சுருக்கப்பட்ட அணை மேய்ச்சல் வழிகளைக் குலைக்கும் என்று எதிர்ப்பு எழுந்தது. 1979இல் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு முன் கூடாரம் அமைத்து உண்ணாநிலை இருந்தார்கள். 1981 ஜனவரியில் ஏறத்தாழ 600 காவலர்கள் வந்து, பனியில் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். அணை கட்டப்பட்டுவிட்டது. ஆனால் போராட்டத்தின் விளைவாக 1988இல் அரசியலமைப்பில் சாமி மக்களின் மொழி, பண்பாடு, வாழ்முறைக்குப் பாதுகாப்புத் தரும் பிரிவு சேர்ந்தது. 1989இல் சாமி நாடாளுமன்றம் தொடங்கியது. பழங்குடிகளுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை 1990இல் உலகிலேயே முதலாவதாக நார்வே ஏற்றது.

கராஷோக்கில் உள்ள அந்த நாடாளுமன்றத்தை இன்று பிற்பகல் சுற்றிக் காட்டினார்கள். 39 உறுப்பினர்கள் அமரும் அவை, மேய்ப்பர்களின் கூம்புக் கூடார வடிவில் மரத்தால் ஆனது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஃபின்மார்க்கின் நிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை அரசிடமிருந்து விடுவித்து, அங்கு வாழும் அனைவருக்குமான ஒரு நில அமைப்பிடம் ஒப்படைத்தது. அதன் ஆட்சிக்குழுவின் ஆறு பேரில் மூவரைச் சாமி நாடாளுமன்றமும் மூவரை மாவட்ட மன்றமும் தேர்ந்தெடுக்கின்றன. இந்நாட்டின் பொதுவுடைமைச் சட்டங்களில் இதையே நான் மிகவும் மதிக்கிறேன். பொது என்ற பெயரில் யார் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு இது ஒன்றுதான் நேராக முகம் கொடுத்திருக்கிறது.

தெற்கே ஃபோசன் தீபகற்பத்தில் அந்தக் கேள்வி தீரவில்லை. அங்கே அமைத்த காற்றாலைகள் கலைமான் மேய்ப்பர்களின் பண்பாட்டு உரிமையை மீறுகின்றன என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் ஆலைகள் ஓடின. 500 நாட்கள் கடந்தபோது, 2023இல் இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சக வாயில்களை மறித்து அமர்ந்தார்கள். இறுதியில் காற்றாலைகளை அகற்றாமல், மேய்ப்பர்களுக்கு மாற்று மேய்ச்சல் நிலமும் இழப்பீடும் தருவதாக உடன்பாடுகள் ஆயின. நார்வேயராக்கும் கொள்கைக்காக நாடாளுமன்றம் 2024 நவம்பரில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. கூட்ட அரங்கை விட்டு வெளியே வந்ததும், அந்த மன்னிப்பைப் பற்றி வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். அது தம் பாட்டிக்கு வேண்டியிருந்தது என்றும், தமக்கு வேண்டியது தம் அண்ணனின் கலைமான்கள் குளிர்காலத்தில் மேய்வதற்கான நிலம் என்றும் அவர் சொன்னார்.